ஏரிக்கரை பக்கத்தில் காலி மனை: வாங்கலாமா, எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

மனைதேடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் தாண்டி ஒரு மனை விலைக்கு வந்திருக்கிறது. வீடு கட்டிக் குடியேறத்தான் பார்க்கிறோம்.

40க்கு 60, சரியாக ஒரு கிரவுண்டு. வடக்குப் பார்த்தது, முன்னால் 30 அடி சாலை. 2013ல் அனுமதி வாங்கிய மனைப்பிரிவு. மேற்கே ஏரிக்கரை, மனையிலிருந்து சுமார் 160 மீட்டர். பட்டாவில் நன்செய் என்று இருக்கிறது, விற்பவர் பெயரில் உட்பிரிவும் ஆகிவிட்டது. மனை சாலையைவிட இரண்டரை அடி பள்ளம். பின்புறம், அதாவது தெற்கே, நாலடி அகலத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் போகிறது, முழுக்கக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது. "வயலுக்குத் தண்ணி பாய்ஞ்ச பழைய வாய்க்கால், இப்போ உபயோகத்துல இல்ல" என்கிறார் தரகர். ஏரியிலிருந்து தள்ளியிருக்கும் மனைகளைவிட விலை ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

கேட்க வேண்டியது மூன்று:

1. 160 மீட்டர் தூரம் போதுமா?
2. பட்டாவும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருந்தால் ஆவண விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாமா?
3. இந்த மண்ணில் அஸ்திவாரத்துக்கு என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு மண் கொட்ட வேண்டும்?

---

மட்டக்கோல் எழுதியது:

தம்பி, தூரத்தை முதலில் தள்ளி வையுங்கள். ஏரிக்கு 50 மீட்டரில் இருக்கும் மனை நனையாமல் இருக்கும், ஒரு கிலோமீட்டரில் இருப்பது மூழ்கும். பார்க்க வேண்டியது மனை ஏரிக்கு எந்தப் பக்கம், எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான்.

நம் பக்கத்து ஏரி என்பது சரிவான நிலத்தின் கீழ்ப்பக்கம் கரை போட்டு நிறுத்திய தண்ணீர். கரைக்கு உள்ளே, மேட்டுப் பக்கம் இருப்பது உள்வாய். அங்கே நீர் விளிம்பு ஒரு கோட்டில் நிற்காது. கலங்கல், அதாவது ஏரி நிறைந்தால் உபரி நீர் வழிந்து போகக் கட்டிய தாழ்ந்த சுவர், அதன் உச்சி வரை நிறைந்தால் ஒரு எல்லை. பெருமழையில் கலங்கலுக்கு மேல் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு நீர் வழிந்து போகும்போது அந்த எல்லை இன்னும் பின்னால் தள்ளிப் போகும். தட்டையான நிலத்தில் ஓரடி மட்டம் ஏறினால் தண்ணீர் நூறு மீட்டருக்கு மேல்கூடப் பரவும். பட்டா நிலமாக இருந்தாலும் உள்வாய்ப் பக்கத்து மனையை எடுக்காதீர்கள்.

கரைக்கு வெளியே, தாழ்வான பக்கம் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல். உங்கள் மனை இங்கே வருகிறது, நன்செய் என்று இருப்பதும் அதனால்தான். இங்கே பிரச்சினை வேறு மாதிரி. ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் கரைக்கு அடியில் கசிவு நீர் வரும், நிலத்தடி நீர் ஒன்றிரண்டு அடிக்கே ஏறி நிற்கும். பழைய மதகு வாய்க்கால்களை அடைத்துத் தெரு போட்டிருந்தால் மழைநீர் போக வழியிருக்காது.

மூன்றாவது இடம் கலங்கலும் அதிலிருந்து கிளம்பும் போக்கு வாய்க்காலும். மிகவும் ஆபத்து இதுதான். கலங்கல் பெரும்பாலும் கரை முடியும் கோடியில் இருக்கும். கரை முடிகிற இடம் மேடு என்று நினைத்து வாங்குகிறவர்கள் அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் காய்ந்து கிடக்கும் போக்கு வாய்க்கால், ஏரி நிறைந்த அன்று இரவே ஓடத் தொடங்கும்.

உங்கள் பகுதியைப் பற்றி ஒன்று. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கத்தைக் காரணம் சொல்வார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்து கலங்கல் வழியே வந்த நீர். தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. ஆகவே உங்கள் பக்கத்து ஏரியை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேலே எத்தனை ஏரி இருக்கிறது, அவற்றின் கலங்கல் நீர் எந்த வழியாக வருகிறது என்று கிராம வரைபடத்தில் விரலை வைத்துத் தொடருங்கள்.

செய்ய வேண்டிய வேலை: ஒரு சர்வேயரை, மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியோடு கூட்டிப் போங்கள். கலங்கல் உச்சியை 100.00 மீட்டர் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து மட்டம் கடத்தி வரச் சொல்லுங்கள். எடுக்க வேண்டிய புள்ளிகள்: மனையின் நான்கு மூலை, சாலை நடு, பின்வாய்க்காலின் அடி, தெருத் தண்ணீர் வெளியேறும் சிறுபாலத்தின் அடிமட்டம், அந்தப் பாலத்துப் பலகையின் கீழ்மட்டம். திரும்பக் கலங்கலுக்கே வந்து முடிக்க வேண்டும். வித்தியாசம் 2 செ.மீ.க்கு மேல் வந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அரைநாள் வேலை, இதைத் தவிர்க்க வேண்டாம்.

வெள்ளக்கோடு எதுவரை என்பதை யாரிடமும் கேட்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளில் மின் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். முதலில் இருந்த உயரத்தில் ஆணித் துளைகளும் பெட்டித் தடமும் இருக்க, பெட்டி மட்டும் தலைக்கு மேலே போயிருந்தால் பழைய பெட்டி வரை தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். மதிற்சுவரில் உப்புப் பூத்த கோடு, கதவு நிலையின் அடிமரம் மட்டும் புதிதாக ஒட்டுப் போட்டிருப்பது, இதெல்லாம் சாட்சி. மனையில் கோரையும் சம்பம்புல்லும் முளைத்திருந்தால் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது. நண்டு வளை இருந்தால் கோடையிலும் ஈரம் மேலேயே இருக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய படங்களுக்குப் போய் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதப் படங்களை மட்டும் தேடுங்கள். கோடைப் படத்தில் எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும்.

---

பத்திரப்பெட்டி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு: இல்லை. ஏரி ஓரத்தில் பட்டாவும் வில்லங்கச் சான்றும் மட்டும் போதவே போதாது.

வில்லங்கச் சான்று சொல்வது பதிவான பரிவர்த்தனைகளை மட்டும். நிலத்தின் வகைப்பாடு அதில் வராது. பட்டாவோ 1980களில் நடந்த யு.டி.ஆர். அளவைக்கு, அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நில அளவைக்குப் பிறகான கணக்கு. அந்த அளவையில் புறம்போக்கு சில இடங்களில் தனியார் பெயருக்கு ஏறியிருக்கிறது, பட்டா நிலம் புறம்போக்காகவும் மாறியிருக்கிறது. ஆகவே யு.டி.ஆருக்கு முந்தைய பழைய அ-பதிவேட்டின் (ஒவ்வொரு புல எண்ணும் எந்த வகை நிலம் என்று சொல்லும் வருவாய்க் கணக்கு) நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். பழைய புல (சர்வே) எண்ணுக்கு நேரே ஏரி, குளம், வாய்க்கால், ஓடை, மேய்க்கால், களம் என்று எதுவும் இருக்கக்கூடாது. ரயத்துவாரி நன்செய் (தனியார் பட்டா வயல்) என்று இருந்தால் அந்தக் கவலை விட்டது.

இப்போதைய அ-பதிவேடும் புல வரைபடமும் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். புல வரைபடத்தை உங்கள் புல எண்ணுக்கு மட்டும் எடுக்காதீர்கள், தெற்கே ஒட்டியிருக்கும் எண்ணுக்கும் எடுங்கள். அந்த நாலடிப் பள்ளம் தனிப் புல எண்ணாகவோ தனி உட்பிரிவாகவோ இருந்து, வகைப்பாட்டில் வாய்க்கால் என்று போட்டிருந்தால், உபயோகத்தில் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது அரசின் நீர்வழிப் புறம்போக்கு. வரைபடத்தில் அதன் அகலம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். தரையில் நாலடி இருப்பது வரைபடத்தில் பத்தடியாக இருக்கும். மீதி ஆறடி யாருடைய வேலிக்குள் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இது எல்லைத் தகராறோடு நிற்காது. நீர்நிலை, வாய்க்கால் இவற்றிலிருந்து 15 மீட்டருக்குள் வரும் இடத்தில் அனுமதியை மறுக்கவோ நிபந்தனை விதிக்கவோ 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அனுமதி தரும் அலுவலகத்துக்கு அதிகாரம் கொடுக்கின்றன. உங்கள் மனையின் ஆழம் 60 அடி, அதாவது 18 மீட்டரும் கொஞ்சமும். வாய்க்கால் பின்னால் ஒட்டிப் போகிறது என்றால் முன்பக்கம் மூன்று மீட்டரைத் தவிர மனை முழுவதும் அந்த 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். நிபந்தனையோடு அனுமதி கிடைக்கக்கூடும். என்ன நிபந்தனை என்று தெரியாமல் பணம் கொடுக்கக்கூடாது.

2500 சதுர அடி வரையான மனைக்கு, தரைத்தளமும் முதல் தளமுமாக 3500 சதுர அடி வரை சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது, 2024 ஜூலையிலிருந்து. அதை நம்பித் தரகர்கள் "அப்ரூவல் ஒரு நிமிஷ வேலை" என்கிறார்கள். சுயசான்றில் இடம் சரியானது என்று உறுதிமொழி கொடுப்பது நீங்கள். பிறகு வாய்க்கால் பிரச்சினை வந்தால் அனுமதி ரத்தாகும், பொறுப்பும் உங்களுடையது.

அடுத்து, மனைப்பிரிவு போட்டவரிடம் ஒரு காகிதம் கட்டாயம் கேளுங்கள்: மனைப்பிரிவுக்கு அன்றைய பொதுப்பணித் துறை கொடுத்த வெள்ள நீர்த் தடையின்மைச் சான்று. இப்போது நீர்வளத் துறை என்று தனியாக இருக்கிறது. மனைகளை எந்த மட்டத்துக்கு நிரப்ப வேண்டும், எந்த வாய்க்காலை எத்தனை மீட்டர் அகலத்தில் விட வேண்டும், சிறுபாலம் எங்கே கட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். மனை இன்னும் இரண்டரை அடி பள்ளமாகவே கிடக்கிறது என்பதைப் பார்த்தால், நிரப்பச் சொன்ன நிபந்தனையை மனைப்பிரிவுக்காரர் செய்யாமல் விட்டிருக்கலாம். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச அந்தக் காகிதமே ஆதாரம்.

ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் ஏரி நீர்வளத் துறையின் கையில், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். எங்கே போய்க் கேட்பது என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

மற்றபடி வழக்கமானவை: தாய்ப்பத்திரம் 30 ஆண்டுக்குக் குறையாமல், வில்லங்கம் பழைய புல எண்ணுக்கும் சேர்த்து (இணையத்தில் 1975லிருந்து பார்க்கலாம்), மனைப்பிரிவு வரைபடத்தின் அசல் அனுமதி நகலில் உங்கள் மனை எண் பூங்காவுக்கோ பொது இடத்துக்கோ ஒதுக்கிய பகுதியில் வரவில்லை என்பதும். 2013 அனுமதி என்பது உண்மையில் அனுமதிதானா, இல்லை பிற்பாடு செய்த வரன்முறையா என்றும் பாருங்கள். 20.10.2016க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்தில் நீர்நிலையில் வரும் மனைகளுக்கு இடமே கிடையாது. பக்கத்து வீட்டுக்கு மின் இணைப்பு இருக்கிறது, வீட்டுவரி ரசீது இருக்கிறது என்பதெல்லாம் நிலத்தின் வகைப்பாட்டுக்குச் சாட்சி ஆகாது.

---

கொத்துக்கரண்டி எழுதியது:

ஆவணம், மட்டம் இரண்டும் தெளிவானால்தான் என் பேச்சு. அப்படித் தெளிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் மண் பரிசோதனை. மனையில் இரண்டு துளை, எதிரெதிர் மூலையில், குறைந்தது 8 மீட்டர் ஆழம். ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவை எஸ்.பி.டி. எண் (மண்ணின் இறுக்கத்தைக் காட்டுவது), நிலத்தடி நீர் நிற்கும் ஆழம், நனைந்தால் மண் ஊதிப் பெருகும் தன்மை மூன்றும் அறிக்கையில் வர வேண்டும். ஆயக்கட்டு மண் பெரும்பாலும் களி. இப்படி உப்பும் திறன் 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரம் போடவே கூடாது. மழையில் மண் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும், சித்திரை வைகாசியில் சுருங்கிக் கைவிடும். சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்பெல்லாம் இதனால் வருவது.

களிக்கு ஏற்றது குமிழ் வைத்த பைல், அதாவது மண்ணில் துளையிட்டு ஊற்றும் கான்கிரீட் தூண்; அதில் அகலமாக விரியும் இடம்தான் குமிழ். 300 மி.மீ. தண்டு, அதற்கு இரண்டரை மடங்கு, அதாவது 750 மி.மீ. விட்டத்தில் இரண்டு குமிழ். ஆழத்தை அறிக்கை சொல்லட்டும், மூன்றரை மீட்டருக்குக் குறைய வேண்டாம். மேலே பைல்களை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே மூன்று அங்குல இடைவெளி விட வேண்டும், மண் உப்பினால் பீமைத் தள்ளாமல் இருக்க.

இந்த வேலையில் ஏமாற்று நடப்பது குமிழில்தான். கையால் துளைப்பவர்கள் குமிழ் வெட்டும் கருவியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு எடுத்துவிடுவார்கள், உள்ளே போய்ப் பார்க்க முடியாது. கணக்கில் பிடிக்கலாம். 4 மீட்டர் ஆழத்துக்கு 300 மி.மீ. தண்டு மட்டும் என்றால் 0.28 கன மீட்டர் கான்கிரீட். இரண்டு குமிழும் முழுதாக வெட்டியிருந்தால் 0.42 வர வேண்டும். எம்25 கலவையில் சிமென்டாகச் சொன்னால் ஏறக்குறைய மூன்றரை மூட்டை. இரண்டேகால் மூட்டையிலேயே துளை நிறைந்துவிட்டால் குமிழ் இல்லை. ஒவ்வொரு பைலுக்கும் எத்தனை மூட்டை போனது என்று எண்ணி எழுதி வையுங்கள்.

துளையில் நீர் ஊறும் இடமாக இருந்தால் ஓரம் சரியும். பென்டோனைட் என்னும் களிமண் கரைசலோ, உறை குழாயோ போட்டுத்தான் துளைக்க வேண்டும். கான்கிரீட்டை மேலிருந்து கொட்டாமல், அடிவரை போகும் குழாய் வழியாக ஊற்றிக்கொண்டே குழாயை மேலே உயர்த்த வேண்டும். துளைத்த குழியை மறுநாள் வரை விட்டுவைக்கவே கூடாது. முடிந்தால் மார்ச்சிலிருந்து ஜூன் வரை அஸ்திவார வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

மண் கொட்டும் கணக்கு: 2400 சதுர அடி, சராசரி நாலடி என்றால் 9600 கன அடி, 96 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இடித்து இறுக்கும்போது அமுங்கும், அதற்குக் கால் பங்கு சேர்த்து 120 யூனிட். மூன்று யூனிட் லாரியில் 40 நடை. கிராவல் அல்லது செம்மண் போதும். இடித்த கட்டடக் குப்பையைக் கொட்டினால் உள்ளே பொந்து விழுந்து தரை அமுங்கும், போர் போடும்போதும் தொல்லை. ஒன்பது அங்குலத்துக்கு ஒரு அடுக்கு, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி, பிறகு அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டிவிட்டு ஒரு மழை பெய்தால் இறுகிவிடும் என்பார்கள். மேலே ஓரடிதான் இறுகும். எவ்வளவு இறுக்கினாலும் சரி, கொட்டிய மண்ணில் அஸ்திவாரம் உட்காரக்கூடாது, அடி மண்ணுக்குள் போக வேண்டும்.

நாலடி மண்ணை 9 அங்குலச் செங்கல் மதில் தாங்காது, வெளியே சாயும். கீழே கருங்கல் கட்டு அல்லது எட்டடிக்கு ஒரு தூண் வைத்த கான்கிரீட் தடுப்புச் சுவர் வேண்டும். ஐந்தாறு அடிக்கு ஒரு மூன்று அங்குலக் குழாய் வைத்து உள்ளே ஜல்லி போட்டுக் கசிவு நீருக்கு வழி விடுங்கள்.

இப்போது பலர் மறந்துவிடும் இரண்டு விஷயம்.

சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி மிதக்கும். வெளியளவு 8க்கு 6, ஆழம் 6 அடி சம்ப் என்று வையுங்கள். சுற்றிலும் நிலத்தடி நீர் மேல்மட்டம் வரை ஏறினால் அதை மேலே தள்ளும் விசை 8.2 டன். அடி, சுவர், மூடி எல்லாம் ஆறங்குலக் கான்கிரீட்டாகப் போட்டால் சம்பின் எடை 8 டன். ஆக, காலி சம்ப் மிதக்கும் விளிம்பில் நிற்கிறது. செங்கல் சம்ப் என்றாலும் தூக்கலாம், இல்லாவிட்டால் அடித்தளம் வெடிக்கலாம். அடித்தளத்தைச் சுற்றிலும் ஓரடி வெளியே நீட்டி, அதன் மேல் மண் ஏற்றுங்கள். மழைக்காலத்தில் சம்பைக் கழுவுகிறேன் என்று முழுக்கக் காலி செய்யாதீர்கள்.

அடுத்தது கழிவுநீர். நிலத்தடி நீர் இரண்டு மீட்டருக்குள் நின்றால் உறைகிணறு போல் வைக்கும் ஊறல் குழி வேலை செய்யாது. ஐப்பசி கார்த்திகையில் குழி நிறைந்து கழிப்பறையில் திரும்பி ஏறும். மூன்று அறைத் தொட்டி, உள்ளும் புறமும் நீர்க்காப்புப் பூச்சு, மூடி வெள்ளக்கோட்டுக்கு மேலே, வீட்டிலிருந்து வரும் குழாயில் திரும்பாத வால்வு, லாரி வைத்து எடுக்க வழி. ஆழ்துளைக் கிணறுக்கும் கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் நடுவே 18 மீட்டர் வேண்டும் என்பது விதி. உங்கள் மனையில் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தாலே 22 மீட்டர்தான். ஆகவே ஒன்று வடகிழக்கு மூலை என்றால் மற்றது தென்மேற்கு மூலை. அங்கும் பக்கத்து மனைக்காரரின் கிணறு எங்கே என்று பார்க்க வேண்டும்.

---

மனைதேடி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பழைய அ-பதிவேட்டில் எங்கள் எண் ரயத்துவாரி நன்செய். தெற்கே இருப்பது தனிப் புல எண், வகைப்பாடு வாய்க்கால், வரைபடத்தில் அகலம் 3 மீட்டர். உரிமம் பெற்ற சர்வேயர் அளந்ததில் விற்பவர் நட்ட பின்பக்கக் கற்கள் வாய்க்காலுக்குள் 1 மீட்டர் தள்ளி இருக்கின்றன.

மட்டம், கலங்கல் 100.00 என்று வைத்து: மனை 97.60, சாலை 98.35, தெருக்கோடிச் சிறுபாலத்தின் அடி 97.35, பலகையின் கீழ்மட்டம் 98.25. மூன்றாவது வீட்டில் பழைய மீட்டர் பெட்டித் தடம், உப்புக்கோடு இரண்டும் 98.80ல். கலங்கல் ஏரியின் வடகோடியில் இருக்கிறது, போக்கு வாய்க்கால் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. மனைப்பிரிவின் வெள்ள நீர்ச் சான்று விற்பவரிடம் இல்லை, கேட்டிருக்கிறோம்.

இந்த எண்களை வைத்து என்ன சொல்கிறீர்கள்?

---

மட்டக்கோல் எழுதியது:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். போக்கு வாய்க்கால் அந்தப் பக்கம் இல்லை என்பது பெரிய ஆறுதல்.

சிறுபாலத்தைப் பாருங்கள். அடியிலிருந்து பலகை வரை 90 செ.மீ. உயரம்தான். அது முழுதாக நிறைந்து ஓடும் நிலையிலேயே மனையில் 65 செ.மீ., அதாவது இரண்டடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். உப்புக்கோடு 98.80 என்றால் பாலம் அடைபட்டோ திறன் போதாமலோ சாலைக்கு மேலேயும் ஒன்றரை அடி தண்ணீர் போயிருக்கிறது. மனைக் கணக்கில் நாலடி. வீட்டுத் தரை உப்புக்கோட்டுக்கு மேல் குறைந்தது 60 செ.மீ. இருக்க வேண்டும், 99.40. இன்றைய மனையிலிருந்து ஆறடி, சாலையிலிருந்து மூன்றரை அடி. சாலை மேல் இன்னும் தார் போட்டு உயர்த்துவார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

நாலடிக்கு மனை முழுவதும் மண் கொட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் மனையில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். தெருவில் எல்லோரும் நிரப்பினால் வெள்ளக்கோடே மேலே ஏறும், நீங்கள் கணக்குப் போட்ட 99.40 அப்போது போதாது. தூண் மேல் வீட்டை எழுப்பி, கீழே வண்டி நிறுத்துமிடமாக விடுங்கள். மண் சாலை மட்டம் வரை போட்டால் போதும். தண்ணீர் வந்தால் தூண்களுக்கு நடுவே போய்விடும். தூண், பீம் செலவு கூடும், மண்ணும் தடுப்புச் சுவரும் பெரிதும் மிச்சம். மின் மீட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் எதுவும் கீழே வேண்டாம்.

பின்வாய்க்கால்தான் அந்தத் தெருவின் உயிர். 3 மீட்டரையும் திறந்து தூர் வாரினால் வெள்ளக்கோடு தானாக இறங்கும். தெருக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுங்கள்.

---

கொத்துக்கரண்டி எழுதியது:

தூண் வீட்டுக்கு நானும் உடன்படுகிறேன். ஒன்று மட்டும்: கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் தூண் மட்டும் நிற்கும் வீட்டுக்கு நிலநடுக்கக் கணக்கு தனியாகப் போட வேண்டும். மேஸ்திரி கைக்கணக்கில் 9க்கு 9 தூண் நிறுத்த விடாதீர்கள், கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம் கட்டாயம். மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட்டில் கம்பிக்கு 50 மி.மீ. மறைப்பு.

---

பத்திரப்பெட்டி எழுதியது:

கற்கள் ஒரு மீட்டர் உள்ளே என்றால் உண்மையான ஆழம் 56 அடி 9 அங்குலம் அளவில் வரும். மனை 2270 சதுர அடிக்கு வந்துவிடுகிறது; 130 சதுர அடி அரசு நிலம். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள், பத்திரத்திலும் எழுதாதீர்கள். தனியார் சர்வேயர் அளவு பேச்சுக்கு உதவும். பதிவுக்கு முன் விற்பவரையே எல்லை அளக்க அரசு நில அளவருக்கு இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லி, கற்களைத் தள்ளி நடச் சொல்லுங்கள்.

முன்பணம் கொடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பர் முதல் இங்கே விற்பனை ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். அதில் எழுத வேண்டியது: வெள்ள நீர்த் தடையின்மைச் சான்றின் நகலை விற்பவர் தர வேண்டும், வாய்க்காலை ஒட்டிய மனைக்குக் கட்டட அனுமதி கிடைக்குமா, என்ன நிபந்தனை என்பது எழுத்தில் தெரிந்த பிறகே கிரயம், மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் குறித்த தேதிக்குள் திருப்பித் தர வேண்டும். கால அவகாசம் மூன்று மாதத்துக்குக் குறைய வேண்டாம். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி இந்த ஆபத்துக்கு ஈடாகாது. சம்மதித்தால் குறைந்த பரப்புக்கும், தூண் வீட்டின் கூடுதல் செலவுக்கும் சேர்த்து விலையை மறுபடி பேசுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனி.

கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது தெற்கே "காலி இடம்" என்றோ "பழைய பள்ளம்" என்றோ எழுத விடாதீர்கள். "தெற்கில் புல எண் இன்னது, வாய்க்கால் புறம்போக்கு" என்று எண்ணோடு வர வேண்டும். அரசு அளவர் அளந்த மீட்டர் கணக்கையே நான்கு பக்கத்துக்கும் போட்டு, அந்த வரைபடத்தையும் பத்திரத்தோடு இணைத்துப் பதியுங்கள்.